கரிந்திரியில் முடிந்த சாலை

புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்தில் மலை கிடையாது. இருப்பது ஒரு செம்மண் மேடும், அதைக் கிழித்துக்கொண்டு கடல் பக்கம் இறங்கும் ஓடைகளும்தான். வெளியூர்க்காரர்கள் அதற்குக் ‘கேன்யன்’ என்று பெயர் வைத்து, கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பள்ளம், அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை அடித்தால், நேற்று மாடு ஓட்டிப்போன வழி இன்று விளிம்போடு நின்றுவிடும். எதிர்க்கரையில் அதே வழி ஒன்றுமே நடக்காததுபோலத் தொடரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மறுநாள் அதே புயலின் மழையில் திருவண்ணாமலை மலையிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டைப் புதைத்தன. 7 பேர் இறந்தார்கள். 5 பேர் குழந்தைகள்.

மழை ஒன்றுதான். இங்கே ஓடை அகன்றது, அங்கே மலை இறங்கியது. இரண்டையும் மண் அரித்துவிட்டது என்றே பேசுகிறோம். அரிப்பு வேறு, சரிவு வேறு. அரிப்பில் தண்ணீர் மண்ணின் மேல் ஓடி, துகள் துகளாகத் தூக்கிப்போகிறது. சரிவில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அதன் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு மொத்த மண்ணும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. அரித்த வழியை நாலு வண்டி கிராவல் கொட்டி மீட்கலாம். சரிந்த சாலை அப்படியில்லை. ஒரு முழுச் சாலையே போய், நூறு ஆண்டாகத் திரும்பாத கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆலுவாவிலிருந்து மூணாறுக்கு இன்று நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஏறுகிறோம். இது இரண்டாவது சாலை. முதல் சாலை கோதமங்கலம், தட்டேக்காடு, குட்டம்புழா, பூயம்குட்டி, மாங்குளம் என்று காட்டுக்குள் போனது. ராஜபாதை என்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளை அதிகம் நம்பாமல், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறிய சாலை அது.

அப்போது மூணாறுக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள், இழுத்தவை மாடுகள். 1908இல் அது இரண்டடி அகல ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு போடி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பலேறின. மூணாறின் தேயிலை தமிழ்நாட்டு வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. அதைப் பறித்த கைகளும் பெரும்பாலும் தமிழ்க் கைகள்தான்.

1924 ஜூலையில் மழை பிடித்தது. ஏறத்தாழ மூன்று வாரம் விடவில்லை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்கிறார்கள். ரயில்பாதை போயிற்று, அது மறுபடி போடப்படவே இல்லை. கரிந்திரி என்ற இடத்தில் மலை இடிந்து ராஜபாதையைத் தன்னோடு கொண்டுபோனது. பழைய சாலையைச் சரிசெய்வதைவிடப் புதுச் சாலை போடுவதே மேல் என்று திருவிதாங்கூர் அரசு முடிவு செய்தது. பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. பழைய சாலையின் மலைப்பகுதியைக் காடு எடுத்துக்கொண்டது.

மலை ஏன் மழையில் இறங்குகிறது? மரக்காணம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியல் ஒரு சாய்வைத் தாண்டிச் செங்குத்தாகாது, பக்கத்தில் வழிந்துவிடும். தளர்ந்த மணலும் உப்பும் பொதுவாக 30, 35 டிகிரிக்குள் அடங்கிவிடும். பரலுக்கும் பரலுக்கும் உள்ள உராய்வு அவ்வளவுதான் தாங்கும். மலைமண் அதைவிடச் செங்குத்தாக நிற்கிறதென்றால், களியின் ஒட்டும் வேரின் பிடியும் கொஞ்சம் ஈரமும்தான் காரணம். கொஞ்சம் ஈரம் என்பதை அடிக்கோடிட வேண்டும். பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஈரமணலில் பிள்ளைகள் கட்டும் வீடு நிற்கும். காய்ந்த மணலில் நிற்காது. அலை வந்து நனைத்துவிட்டாலோ உட்கார்ந்துவிடும்.

உட்காருவதற்குக் காரணம் எடை கூடுவது மட்டும் இல்லை. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் உராய்வு. இடைவெளியெல்லாம் நீர் நிரம்பி அழுத்தம் ஏறினால், மேலே உள்ள சுமையில் ஒரு பங்கை நீர் ஏற்றுக்கொள்கிறது. துகள்மேல் துகளின் அழுத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. நீர் சுமக்கும், ஆனால் பிடித்துக்கொள்ளாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடியில் கெட்டியான பாறை, மேலே அது உதிர்ந்து உண்டான மண். நாள்கணக்கில் இறங்கும் மழை பாறையைத் தொட்டதும் அதற்குமேல் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி அழுத்துகிறது. இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்தவர் கார்ல் டெர்சாகி என்ற ஆஸ்திரியப் பொறியாளர். மண் இயக்கவியலுக்கு அடிக்கல்லான அவர் நூல் வெளிவந்தது 1925இல். கரிந்திரி அதற்கு முந்தைய ஆண்டே இடிந்துவிட்டது.

இதில் சாலைக்கும் பங்கு உண்டு. மலையில் சாலை போட மேல்பக்கம் வெட்டுகிறோம், வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளுகிறோம். வெட்டிய இடத்தில் மேலேயுள்ள மண்ணுக்கு முட்டுக் கொடுத்த அடிப்பகுதி போய்விடுகிறது. தள்ளிய மண்ணோ இறுகாமல், கீழ்ச்சரிவின் தலையில் பாரமாக உட்காருகிறது. இடையில் இறங்கிவந்த ஊற்றுகள் அறுபட்டு, போக்கிடம் தேடுகின்றன. ஓரக்கால்வாய், சிறுபாலம், தடுப்புச்சுவரில் விட்ட ஓட்டைகள் எல்லாம் அதற்காகத்தான். அந்த ஓட்டைகளைச் சிமென்ட் பூசி ‘அழகாக’ அடைத்திருப்பதை மலைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீருக்கு அழகு தெரியாது.

இங்கிலாந்தில் மாம் டார் என்ற குன்றின் அடியில் 1819இல் ஒரு சாலை போட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்த பழைய சரிவு ஒன்றின் குறுக்கே அது போயிற்று. சாலை இறங்க இறங்க மேலே தார் போட்டார்கள். அந்தத் தாரின் எடையும் சரிவின் மேல்தான் ஏறியது. கடைசியில் 1979இல் கைகழுவி மூடிவிட்டார்கள். அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கும் தாரைப் பார்க்க இன்று மாணவர்கள் நடந்து போகிறார்கள்.

மலைச்சாலையை நம்பி மக்கள் வாழ்வதால், நம்மால் அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது. மூணாறு–போடிமெட்டுச் சாலையில் கேப் ரோடு என்னும் இடத்தை அகலப்படுத்தப் பாறைக்கு வெடி வைத்தார்கள். 2019இலும் 2020இலும் அங்கே பெருஞ்சரிவுகள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு இன்னொரு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள்மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே போகும் வழியில் பெரியவரையில் தற்காலிகப் பாலம் அடித்துப்போயிருந்ததால் மீட்க வந்தவர்களும் தாமதித்துத்தான் சேர்ந்தார்கள்.

ராஜபாதையைத் திரும்பத் திற என்ற கோரிக்கை பூயம்குட்டி, மாங்குளம் பக்கம் இன்னும் ஓயவில்லை. வனத்துறை மறுக்கிறது, யானைகள் நடமாடும் காடு. வழியில்லாமல் தவிக்கிற மக்களின் கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் கரிந்திரி ஒருமுறை இறங்கிய மலை. இறங்கிய மண் அங்கேயே தளர்வாகத்தான் கிடக்கும், முன்பு இருந்த கெட்டி அதற்கு வராது. ஆகவே யானையைப் பற்றி விவாதிக்குமுன் துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் குயிலாப்பாளையம் மேட்டில் 1968க்குப் பிறகு ஆரோவில்காரர்களும் ஊர்க்காரர்களும் வரப்பு கட்டி, தடுப்பணை போட்டு, மரம் நட்டு, ஓடும் நீரை நிறுத்தி மண்ணைக் காத்தார்கள். மலைச்சாலைக்கு இதே வைத்தியம் ஆகாது. அங்கே நீரை நிறுத்தாமல் வடித்துவிட வேண்டும்.

வரும் மழையில் மலைக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். தாரில் பிறைபோல் வளைந்த வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த மின்கம்பம், தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, அல்லது நின்றேபோவது. இதில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை அங்கே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அந்த இடத்தைவிட்டு விலகிப் போய் 112க்குச் சொல்லுங்கள்.