யார் நாவுக்கு எவ்வளவு உறைப்பு?

அண்மையில் ஹற்றன் நகரத்து உணவுச்சாலை ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர் சீன முறையில் சமைத்த சோற்றை வரவழைத்து உண்டனர். "என்னப்பா இது, சப்பென்று இருக்கே!" என்று கூறிய அப்பாயி, மிளகாய்ப் பசையைக் கரண்டி கரண்டியாக அள்ளிச் சேர்த்துக்கொண்டார். கொழும்பில் வளரும் பேரனோ அதில் ஒரு துளி பட்டதுமே கண்ணீர் வடித்தான். "தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த உறைப்புத் தாங்காதா?" என்று பெரியவர்கள் நகைத்தனர். சிறுவன் தலை கவிழ்ந்தான்.

நகைப்பிற்குரிய குற்றம் அவன் செய்தானா? சற்றே ஆராய்வோம்.

உறைப்பு என்பது உண்மையில் சுவையன்று. அது ஒருவகை வலியே. ஏறக்குறைய 43 பாகை வெப்பத்தை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் மிளகாயிலுள்ள கப்சைசின் என்னும் பொருளும் தட்டித் திறக்கின்றது. இதனை 1997-ல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். சம்பலும் ரொட்டியும் உண்டு, மேலே சுடச்சுடச் சாயத் தண்ணீர் பருகினால் வாய் பின்னும் எரிவதன் காரணம் இதுவே. பச்சைத் தண்ணீரிலும் கப்சைசின் கரைவதில்லை. பாலும் தயிருமே எரிவை ஆற்றும். இவ்வலியை விரும்பிப் பிறக்கும் குழந்தை எங்குமில்லை. சிறிது சிறிதாக உண்டு பழகியே விரும்பக் கற்கின்றோம்.

மிளகாயும் நம் பழஞ் சொத்தன்று. 1492-க்குப் பின்னரே அது அமெரிக்காவிலிருந்து கீழ்நாடுகளுக்கு வந்தது. அதற்குமுன் நம் முன்னோருக்குக் காரம் தந்தது மிளகே. மிளகாயின் பெயரிலேயே அம்மிளகு இருக்கிறதன்றோ? சீனத்தில் 1591-ல் எழுதப்பட்ட நூலொன்று மிளகாயைப் பார்வைக்கு அழகான செடியென்றே போற்றுகின்றது. இன்றோ சிச்சுவான், ஹூனான் மக்கள் உறைப்பின்றி உண்ணார்; கன்ரன் பகுதியினர் மென்சுவையையே நாடுவர். உப்புக் கிடைப்பது அரிதாயிருந்த குயிசோ மலைநாட்டிலே, 18-ம் நூற்றாண்டில், ஏழை மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைக் கொண்டனராம்.

மலையக வாசகர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. நம் லயங்களிலும் கறியில்லாத நாட்கள் எத்தனையோ இருந்தன. பனி விலகுமுன் கொழுந்து பறிக்கப் புறப்பட்ட பெண்கள், அம்மியில் நாலு செத்தல் மிளகாயும் வெங்காயமும் கொஞ்சம் தேங்காயும் வைத்து அரைத்தார்கள். வெறும் ரொட்டியைத் தொண்டைக்குள் இறக்கியதும், குளிரில் உடலுக்குச் சற்றே சூடேற்றியதும் அந்தச் சம்பல்தான். அப்பாயியின் நாவு அந்தப் பள்ளியில் பயின்ற நாவு. பேரன் அப்பள்ளியில் பயில நேராமற் போனது அவன் குறையன்று. அவர் பட்ட பாட்டின் பயனே அது.

ஆகவே, இல்லத் தலைவியருக்கு ஒரு வேண்டுகோள். கறியை மிதமான உறைப்போடு சமையுங்கள். சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டுவோர் வேண்டுமளவு எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளின் கண்ணீரைக் கண்டு நகைக்க வேண்டாம். அந்தக் கிண்ணத்தின் கதையை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாவுக்குப் பழகாவிடினும், அது நெஞ்சில் பதியவேண்டிய கதை.