ஒரு பேணி ஓட்ஸ்: தனியாக இருப்பவர்களுக்கு ஒரு காலைச் சாப்பாடு

"எனக்கொருத்திக்கு ஏன் புட்டு அவிப்பான்?" வன்னியில் தனியாக வாழும் அம்மாமார் பலரிடம் கேட்கக்கூடிய கேள்வி இது. 2009 இற்குப் பிறகு பல வீடுகளில் சாப்பாட்டுக்கு இருப்பவர்கள் குறைந்துபோனார்கள். சிலர் இல்லை, சிலர் எங்கே என்று தெரியாது, சிலர் வெளிநாட்டில். ஆறு பேருக்குச் சமைத்த கைக்கு ஒருவருக்கு அளந்து போட வராது. அதனால் காலைச் சாப்பாடு ஒரு பிளேன்ரீயோடும் இரண்டு பிஸ்கற்றோடும் முடிந்துவிடுகிறது.

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் சில வகைக் குளிசைகள் எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து. மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி சடுதியாகக் குறைந்து, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழ நேரிடும். வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் தூக்கிவிடவும் ஆளில்லை.

கிளினிக்கில் சொன்னார்கள் என்று வாங்கிய ஓட்ஸ் பக்கற் பல குசினிகளில் அப்படியே கிடக்கிறது. கஞ்சியாகக் காய்ச்சினால் வழுவழுப்பு, பலருக்குப் பிடிப்பதில்லை. கஞ்சி என்றாலே முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்கள் ஞாபகத்துக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதே ஓட்ஸை மெதுவான கேக் போலவும் செய்யலாம். மேற்கு நாடுகளில் இதைச் சிறிய கோப்பைகளில் ஊற்றிப் போறணையில் வேகவைப்பார்கள். நமக்கு இடியப்பம் அவிக்கும் பானை போதும்.

ஒருவருக்கான அளவு

ஓட்ஸ் அரைக் கோப்பை (ஏறக்குறைய 40 கிராம்), நன்றாகக் கனிந்த சிறிய வாழைப்பழம் ஒன்று, முட்டை ஒன்று, பால் அல்லது இரண்டாம் தேங்காய்ப்பால் 4 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. விரும்பினால் கறுவாத்தூளும் இடித்த கச்சானும் சேர்க்கலாம்.

செய்முறை

பழத்தை மசித்து, முட்டையை உடைத்து ஊற்றி அடியுங்கள். பாலும் ஓட்ஸும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஊறாத ஓட்ஸ் நடுவில் நறநறவென்று நிற்கும். பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலக்குங்கள். முதலே கலந்தால் பொங்கும் சக்தி ஊறும்போதே வீணாகிவிடும்.

எவர்சில்வர் பேணி ஒன்றின் உட்புறம் நல்லெண்ணெய் பூசி, முக்கால் பங்குக்கு மேற்படாமல் ஊற்றுங்கள். ஆவித் தண்ணீர் சொட்டாதபடி வாழையிலைத் துண்டால் மூடி, தண்ணீர் கொதித்த பிறகு பானையில் வைத்து 20 நிமிடம் அவியுங்கள். ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பாருங்கள். மா ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. மொறுமொறுப்பு வேண்டுமானால் கவிழ்த்து எடுத்து, தோசைக்கல்லில் இரு பக்கமும் சற்றுச் சிவக்க விடுங்கள். போறணை உள்ளவர்கள் வெப்பம் தாங்கும் கோப்பையில் ஊற்றி, 180 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 25 நிமிடம் வைக்கலாம்.

ஓட்ஸில் உள்ள பீற்றா குளூக்கன் என்ற நார்ப்பொருள்தான் அந்த வழுவழுப்புக்குக் காரணம். அதுவே சாப்பாடு சமிக்கும் வேகத்தைக் குறைத்து, சீனி மெல்ல ஏற உதவுகிறது. கெட்ட கொலஸ்ரோலைக் குறைக்கவும் உதவும். முட்டை கலவையைப் பிடித்து நிறுத்துவதோடு ஏறக்குறைய 6 கிராம் புரதத்தையும் தருகிறது. பசி மதியம்வரை தாங்குவதற்கு இந்த இரண்டும் சேர வேண்டும்.

ஓட்ஸ் இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கட்டுப்படியாகாதவர்கள் பாதி ஓட்ஸுக்குப் பதிலாக வறுத்த குரக்கன் மா போடலாம். குரக்கனில் கல்சியம் அதிகம். மா தண்ணீரை இழுக்கும். இரண்டு கரண்டி பால் கூட விடுங்கள். இனிப்பு வேண்டாதவர்கள் பழத்தை விட்டுவிட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், முருங்கையிலை போட்டு அவிக்கலாம். அப்போதும் பால் கொஞ்சம் கூடத் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியவை

பனங்கட்டியும் சீனிதான். நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தவிர்த்து, பழத்தையும் பாதியாக்குவது நல்லது. சிறுநீரக நோயுள்ளவர்கள் வாழைப்பழம் சேர்க்கலாமா என்று கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது என்பதால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரவே அவித்து வைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஏழு சிறிய போத்தல்களில் ஓட்ஸையும் உப்பையும் கறுவாத்தூளையும் அளந்து போட்டு மூடி வையுங்கள். காலையில் ஒரு போத்தல், ஒரு முட்டை, ஒரு பழம். மற்றதை எல்லாம் கலந்து ஊறவிட்டு முற்றம் கூட்டி, வந்து பேக்கிங் பவுடரைக் கலந்து பானையில் வைத்தால், முகம் கழுவி முடிய சாப்பாடு தயார். அதற்குப் பிறகு குளிசையைப் போடலாமா, முன்னதாகவே போட வேண்டுமா என்பதை உங்கள் வைத்தியர் சொன்னபடி செய்யுங்கள்.