தலைப்பில் 'நியர் மின்ட்'... கீழே 'லேசான ஃபங்கஸ்'! பழைய லென்ஸ் ஏலத்தில் ஒளிந்திருக்கும் வார்த்தை விளையாட்டு

1995 செப்டம்பர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்ற கணினிப் பொறியாளர், 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் ஓர் இணைய ஏலத் தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் 'ஈபே' ஆனது அதுதான். அங்கே முதன்முதலாக விற்ற பொருள், ஒமிடியாரிடம் இருந்த ஓர் உடைந்த லேசர் பாயின்டர். போன விலை 14.83 டாலர். உடைந்த சாமானுக்கு இவ்வளவு கொடுக்கிறாரே என்று அவருக்கே சந்தேகம். வாங்கியவரைத் தொடர்புகொண்டு, இது வேலை செய்யாது என்பது தெரியும்தானே என்று விசாரித்தார். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவர் அவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

ஆக, அந்தத் தளத்தின் முதல் வியாபாரமே 'இது ரிப்பேர்' என்று வெளிப்படையாகச் சொல்லி நடந்த வியாபாரம்.

முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இப்போது அதே தளத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றின் பெயரைத் தட்டிப் பாருங்கள். திரை முழுக்க 'நியர் மின்ட்', 'டாப் மின்ட்', 'எக்ஸலன்ட்+5', 'ரேர்' என்று கொட்டும். ஐம்பது, அறுபது வயதான லென்ஸ்கள் ஒன்றுகூட சுமாராக இல்லையா என்று ஆச்சர்யமாக இருக்கும். எல்லாமே புத்தம் புதுசு!

மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகுதான் இந்தப் பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு. ஓர் அடாப்டர் வளையம் போதும். தாத்தா காலத்து லென்ஸ் இன்றைய டிஜிட்டல் கேமராவில் உட்கார்ந்துகொள்ளும். பின்னணி சுழன்று மங்குவதும், வெளிச்சம் லேசாகச் சிதறுவதும் புது லென்ஸில் கிடைக்காத அழகு என்று குறும்படம் எடுப்பவர்களும் கல்யாண போட்டோகிராபர்களும் தேடித் தேடி வாங்குகிறார்கள். கையில் எடுத்துப் பார்க்காமல், நாலு போட்டோவையும் பத்து வரியையும் நம்பி பணம் அனுப்ப வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

தங்கசாலையில் பிறந்த வார்த்தை

'மின்ட்' என்பது நாணயம் சேகரிப்பவர்களின் சொல். சென்னையில் தங்கசாலைத் தெருவுக்கு ஆங்கிலத்தில் 'மின்ட் ஸ்ட்ரீட்' என்று பெயர் இருப்பது பலருக்கும் தெரியும். நாணயச்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த, யார் கையும் படாத காசுதான் 'மின்ட்' நிலையில் உள்ள காசு. நாணய உலகில் அதற்கு 1 முதல் 70 வரை அளவுகோல் இருக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, தரம் எழுதி, பெட்டியில் வைத்து மூடித் தருகின்றன.

லென்ஸ் ஏலத்தில் அப்படியொரு நடுவர் இல்லை. அமெரிக்காவின் கே.இ.ஹெச் போன்ற பழைய கேமரா கடைகள் தங்களுக்கென ஒரு தரப்பட்டியல் வைத்து, எந்தத் தரத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதி வைத்திருக்கின்றன. ஏலத்திலோ ஒவ்வொரு விற்பனையாளரும் தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, தானே மார்க் போட்டுக்கொள்கிறார். பல ஜப்பானிய விற்பனையாளர்களின் பட்டியலில் மேலே 'மின்ட்', அடுத்து 'நியர் மின்ட்', அதற்குக் கீழேதான் 'எக்ஸலன்ட்+5', '+4' என்று இறங்குகிறது. அகராதிப்படி 'மிகச் சிறப்பு' என்று பொருள்படும் சொல், அங்கே நடுத்தரத்துக்கும் கீழே. நாணயச்சாலையிலிருந்து வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாணயத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிலிருந்து விற்பவர்கள் எல்லோரும் அப்படியில்லை. குறையைப் படம் பிடித்துக் காட்டி, பிரச்னை என்றால் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். சிக்கல் ஊரில் இல்லை, வார்த்தையில் இருக்கிறது.

படத்தைப் பாதிக்காதாம்!

இந்த விளம்பரங்களில் அப்பட்டமான பொய் குறைவு. சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. தலைப்பில் கொட்டை எழுத்தில் 'நியர் மின்ட்'. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால், ஷிப்பிங் விவரத்துக்கு சற்று மேலே ஒரு வரி: 'லேசான ஹேஸ் உண்டு, சிறிது ஃபங்கஸ் உண்டு, படத்தைப் பாதிக்காது.' செல்போனில் பார்க்கும்போது அந்தப் பகுதி சுருங்கிக் கிடக்கும். தனியாகத் தட்டினால்தான் விரியும். தலைப்பைப் பார்த்து பணம் கட்டுகிறோம். பிறகு சண்டைக்குப் போனால், 'நான்தான் கீழே எழுதியிருக்கிறேனே' என்று பதில் வரும். விற்றுக்கொடுப்பது தலைப்பு, விற்றவரைக் காப்பாற்றுவது அந்தக் கடைசி வரி.

'படத்தைப் பாதிக்காது' என்பது சில குறைகளுக்கு நிஜமாகவே பொருந்தும். உள்ளே நாலு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. பழைய கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழ் இருந்தால், அது அந்தக் காலத்துக் கண்ணாடி வார்ப்பின் இயல்பு. ஷ்னைடர் நிறுவன லென்ஸ்களில் கண்ணாடி விளிம்புக் கறுப்புப் பெயின்ட் உரிந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். பார்க்கத்தான் பயமாக இருக்கும்; படம் நன்றாகவே வரும். பென்டாக்ஸின் பழைய தக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் ஏழு கண்ணாடி கொண்ட வகை தோரியம் கலந்தது; வருஷம் ஆக ஆக டீ நிறத்துக்கு மஞ்சளாகும். புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். இதற்கெல்லாம் பயந்து நல்ல லென்ஸை விட்டவர்களும் உண்டு.

ஹேஸ் அப்படியல்ல. உள்ளே போட்ட கிரீஸ் வருஷக்கணக்கில் ஆவியாகி, கண்ணாடியில் புகைபோல் படிவதால் வருவது அது. பகல் வெளிச்சத்தில் எடுத்தால் தெரியாது. வெயிலையோ தெருவிளக்கையோ நோக்கி எடுத்தால், படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும். லேசானதைத் துடைத்து எடுக்கலாம். நாள்பட்டது கண்ணாடியையே அரித்திருக்கும்.

ஃபங்கஸ் இன்னும் மோசம். ஈரப்பதத்தில் வளரும் பூஞ்சை, சிலந்தி வலைபோல் கண்ணாடியில் கிளைவிடும். அது சுரக்கும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சைத் தின்றுவிட்டால், பூஞ்சையைத் துடைத்த பிறகும் தடம் அப்படியே நிற்கும். கடலோர ஊர்களில் பீரோவுக்குள் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்து வானவில் நிறத்தில் தெரிந்தால், சரிசெய்யும் கூலி லென்ஸ் விலையைத் தாண்டிவிடலாம்.

'கிளீனிங் மார்க்' என்ற இன்னொரு செல்லப்பெயர் இருக்கிறது. துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்தான் அது. 1933-ல் வந்த லைக்காவின் சும்மார் லென்ஸின் முன்கண்ணாடி மிருதுவானது. அந்தக் காலத்தில் சட்டை நுனியால் துடைத்தவர்கள் எத்தனை பேரோ! கீறலே இல்லாத சும்மார் என்று யாராவது எழுதினால், சந்தோஷப்படுவதற்கு முன் நெருக்கமான போட்டோ கேட்பது உத்தமம்.

'ரேர்' என்றால் எவ்வளவு ரேர்?

ஹீலியோஸ் 44-2 என்ற சோவியத் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றி, ஸெனிட் கேமராக்களுக்காக மாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் க்ராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையிலும் வேறு ஆலைகளிலும் லட்சக்கணக்கில் தயாரானது. பின்னணி சுழல்வதற்குப் பேர்போனது, நல்ல லென்ஸ்தான். ஆனால் உலகத்தில் சுலபமாகக் கிடைக்கும் பழைய லென்ஸ்களில் அதுவும் ஒன்று. அதற்கும் 'ரேர்' பட்டம் உண்டு. வயதையும் கூட்டிச் சொல்வார்கள். பெரும்பாலான சோவியத் லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரான வருஷத்தைக் குறிக்கும். 78 என்று தொடங்கும் எண்ணைப் போட்டோவில் காட்டிக்கொண்டே, '1960-களின் பொக்கிஷம்' என்று எழுதியிருந்தால் என்ன செய்வது?

முழுப் போலிகளும் புழங்குகின்றன. சோவியத் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களைச் சுரண்டி, 'லைக்கா' என்று பொறித்து, தங்க முலாம் பூசி, ஜெர்மன் ராணுவக் கழுகைக் குத்தி விற்பது பல வருஷத் தொழில். கூடவே வரும் லென்ஸில் 'எல்மார்' என்று இருக்கும். அசல் எல்மாரில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் அப்பர்ச்சர் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இன்டஸ்டார் போன்ற சோவியத் லென்ஸ்களில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால். முன்பக்கத்திலிருந்து உற்றுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு நாசூக்கான வகை, பாதி உண்மை. 1961-ல் கேனன் 7 கேமராவுக்காக வந்த 50 மி.மீ. எஃப்/0.95 லென்ஸுக்கு 'ட்ரீம் லென்ஸ்' என்று செல்லப்பெயர். டி.வி. கேமராவுக்கென்று அதே லென்ஸ் வேறு வடிவத்திலும் வந்தது. அதை கேனன் 7-ல் அப்படியே பொருத்தி ஃபோகஸ் செய்ய முடியாது. இரண்டுமே கேனன், இரண்டுமே 0.95. அதனால் தலைப்பில் 'ட்ரீம் லென்ஸ்' என்று போட்டுவிட்டு, 'டி.வி.' என்ற இரண்டு எழுத்தைப் பொறிப்புப் போட்டோவில் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள்.

நல்லவர்கள் ஏன் நஷ்டப்படுகிறார்கள்?

பொருளாதார நிபுணர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப், 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு. பொருளின் குறை விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல பொருள்கள் மெல்ல விலகிப்போகும் என்பது அதன் சாரம்.

லென்ஸ் ஏலத்தில் அது கண்ணெதிரே நடக்கிறது. 'பின்கண்ணாடியில் ஃபங்கஸ் இருக்கிறது' என்று தலைப்பிலேயே எழுதுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே நிலையில் இருக்கும் லென்ஸுக்கு 'நியர் மின்ட்' போட்டவரிடம் போட்டி போட்டு விலை ஏற்றுகிறார்கள். ரெண்டு தடவை பட்டால் நேர்மையானவரும் 'மின்ட்' எழுதக் கற்றுக்கொள்வார், அல்லது கடையைக் கட்டுவார். நிஜமாகவே பளிச்சென்ற லென்ஸ் வைத்திருப்பவர் பாடு அதைவிடப் பாவம். அவர் எழுத என்ன வார்த்தை மிச்சமிருக்கிறது?

டார்ச் அடித்த போட்டோ இருக்கிறதா?

விளம்பரத்தில் இருப்பதைவிட, இல்லாததைப் பார்ப்பதுதான் முக்கியம். வெளிப்புறத்தை எல்லாக் கோணத்திலும் எடுத்து, கண்ணாடி வழியாக வெளிச்சம் விட்டு ஒரு படம்கூட இல்லை என்றால் யோசியுங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து ஒரு படம் கேளுங்கள். இதழ்கள் சட்டென மூடித் திறக்கின்றனவா, எண்ணெய் பட்டு மந்தமாகிவிட்டனவா என்று பார்க்கச் சின்ன வீடியோ கேளுங்கள். 'நல்லா இருக்குமா?' என்று பொதுவாகக் கேட்டால் 'பிரமாதம்' என்றுதான் வரும். 'ஹேஸ் இருக்கா, ஃபங்கஸ் இருக்கா, பசை பிரிஞ்சிருக்கா' என்று தனித்தனியாக, தளத்தின் மெசேஜ் பகுதியிலேயே கேளுங்கள். பிறகு ஆதாரமாக நிற்கும்.

'கேமரா பத்தி எனக்கு எதுவும் தெரியாது, தாத்தா வீட்டு அலமாரியில் கிடைத்தது, சோதிக்கவில்லை' என்று எழுதியிருந்தால், அதே நபர் விற்கும் மற்ற பொருள்களையும் ஒருமுறை பாருங்கள். நாற்பது லென்ஸ் வரிசையாக இருந்தால், அந்தத் தாத்தா பெரிய ஸ்டூடியோ வைத்திருந்தார் போலும்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட்டில் மூடப்பட்டதால், இங்கிருந்து வாங்குபவர்கள் வெளிநாட்டுத் தளத்தில்தான் வாங்குகிறார்கள். சுங்க வரியும் சேரும். இந்தியாவுக்குள் நடக்கும் ஆன்லைன் வர்த்தகத்துக்கு 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகள் இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால், விற்பனையாளர் அதைத் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனிநபர் ஒருவர் தன் வீட்டு லென்ஸை நேரில் விற்கும்போது இந்த விதி கைகொடுப்பது கஷ்டம். டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதே வழி.

ஈபேயில் வாங்கியது விளம்பரத்துக்கு மாறாக இருந்தால் 'சொன்னபடி இல்லை' என்று புகார் பதியலாம். உடனே, 'புகார் வேண்டாம், கொஞ்சம் பணம் தந்துவிடுகிறேன்' என்று சமாதான மெசேஜ் வரலாம். சரிசெய்யும் கூலியை விசாரிக்காமல் தலையாட்டிவிடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அன்றைக்கே டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. புகாருக்கான 30 நாள் கணக்கு, பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகிறது.