போர்வைக்குள் ஒரு கம்பளி அடுக்கு

தையல் போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே காற்றைப் பிடித்துவைக்கும் மெத்தென்ற அடுக்கு. மூன்றையும் ஓட்டுத் தையலால் ஒன்றாக்கினால் வடக்கே அதை ரஜாய் என்பார்கள். தமிழ்நாட்டில் அந்த நடு அடுக்கு பெரும்பாலும் பருத்திப் பஞ்சு. மெத்தைக்கும் தலையணைக்கும் இலவம்பஞ்சு. பருத்தி விளையும் பெரம்பலூர் மாவட்டத்தில், சிறுவாச்சூர் போன்ற ஊர்களில், வேறொன்று நினைவுக்கு வருவதே அரிது. ஆனால் மயிர் தரும் செம்மறி ஒன்றும் இந்த மாவட்டத்துக்கு உரியதுதான்.

பெரம்பலூர், திருச்சி, சேலம், தருமபுரி வட்டாரங்களைச் சேர்ந்த அந்த இனத்துக்குத் திருச்சி கறுப்பு என்று பெயர். உடல் முழுக்கக் கறுப்பு. அதன் மயிர் தடித்தது, முரடானது, சுருள் குறைந்தது. சால்வைக்கு ஆகாது; நூற்று நெய்தால் கம்பளியாகும். ஆடு மேய்ப்பவர் மழையில் கொங்காணியாகப் போட்டுக்கொள்வதற்கும், இரவில் பட்டியருகே விரித்துப் படுப்பதற்கும் ஏற்றது இப்படிப்பட்ட முரட்டுக் கம்பளியே. மென்மையான மயிர் வேண்டுமென்றால் மலையேற வேண்டும். உள்ளூர் ஆட்டோடு மெரினோ உள்ளிட்ட அயல்நாட்டு இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆட்டை, ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் காத்துவருகிறது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோவை வளர்க்கிறது.

போர்வைக்கு மென்மயிர்தான் முதல் தரம். அதன் ஒவ்வோர் இழையும் சுருள் சுருளாக வளர்வதால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிவதில்லை. இடையில் காற்று நிற்கிறது, அந்தக் காற்றே குளிரைத் தடுக்கிறது. மடித்துவைத்தாலும் சுருள் மறுபடி எழும்பும். பருத்திப் பஞ்சு நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும். கம்பளி மயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்த பிறகும் கைக்கு ஈரமாகத் தெரியாது. வியர்வையும் பனியும் மாறிமாறி வரும் மார்கழி, தை இரவுகளுக்கு, குறிப்பாகப் பச்சைமலைப் பக்கத்து வீடுகளுக்கு, இந்தக் குணம் பெரிதும் உதவும். தீயும் எளிதில் பற்றாது. வாங்கிய சரக்கில் கலப்படம் உண்டா என்று அறியவும் இதுவே வழி: சிறு துணுக்கைக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

கத்தரித்த மயிரில் எண்ணெய்ப் பசை, வியர்வை உப்பு, முள், புழுக்கை எல்லாம் இருக்கும். முள்ளைக் கையால் பொறுக்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்போ பூந்திக்கொட்டைச் சாறோ கலந்து ஊறவைக்க வேண்டும். கசக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை நீரை மாற்றி, நிழலில் பரப்பி உலர்த்தி, விரலால் பிரித்துச் சீவி எடுக்க வேண்டும். பஞ்சைப் போலவே கம்பளி மயிரையும் வில்லால் கொட்டிப் பிரிக்கும் வழக்கம் உண்டு. பிரித்த மயிரை மெல்லிய படலங்களாக, ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று அடுக்கினால் எங்கும் ஒரே கனமாக அமையும்.

உறைத்துணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழஞ்சேலையின் மென்மை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நைந்த துணியின் இடுக்கு வழியே மயிர் ஊடுருவி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், முரட்டு மயிர் என்றால் குத்தவும் செய்யும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நல்லது. சேலைதான் வேண்டுமென்றால் உள்ளே இன்னொரு பருத்தித் துணியைக் கொடுக்க வேண்டும். கறுப்பு மயிர் வெளிர் துணியில் நிழலாகத் தெரியும்; கருநீலமோ அரக்கோ எடுத்துக்கொள்வது மேல். வெளியே வந்த மயிரைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பல இழைகள் வரும். கத்தரியால் ஒட்ட நறுக்கினால் போதும். கையால் பரப்பிய மயிருக்கு இரண்டு அங்குல இடைவெளிக்கு ஒரு தையல் வரிசை ஓட வேண்டும். இடைவெளி கூடினால் மயிர் நகர்ந்து ஓரிடத்தில் திரளும்.

இந்தப் போர்வையைப் பருத்திப் போர்வைபோல் துவைத்தால் ஒரே நாளில் பாழாகும். கம்பளி இழையின் மேல் மீன்செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், அலசல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். போர்வை சுருங்கி அட்டையாகிவிடும். அப்படி இறுகியதைப் பிரிக்க வழியே கிடையாது. ஆகவே அடிக்கடி துவைக்காமல், நிழலான காற்றோட்டத்தில் விரித்து உதறிவைப்பதே முதல் பராமரிப்பு. கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். துவைத்தே தீர வேண்டுமென்றால் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, சற்று நேரம் ஊறல், மெல்ல அமுக்கி அலசல், அவ்வளவுதான். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்துவிடும். கறைநீக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் ஆகாது, ஏனென்றால் கம்பளி புரதத்தால் ஆனது. கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் கூடவே கூடாது. துண்டில் சுருட்டி அமுக்கி நீரை எடுத்தபின், கொடியில் தொங்கவிடாமல் கயிற்றுக் கட்டிலின் மேல் கிடையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். நனைந்த கம்பளியின் பாரமே அதை இழுத்து நீட்டிவிடும்.

அடுத்த பகை அந்துப்பூச்சி. கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தைத்தான் அது முதலில் தேடும். எனவே அழுக்கோடு மடித்துவைக்கக் கூடாது. நன்றாக உலர்ந்த போர்வையைப் பருத்திப் பையில் இட்டு, உலர்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ சேர்க்கலாம். ஆனால் இலையை மட்டும் நம்பியிருந்தால் போர்வை தப்பாது. மாதம் ஒருமுறை எடுத்து, தையல் ஓரங்களை வெயிலில் காட்டி உதறிப் பார்ப்பதுதான் உறுதியான காப்பு.

முதன்முறை தைப்பவர் முழுப் போர்வையில் இறங்க வேண்டாம். ஓரடிக்கு ஓரடி ஒரு திண்டு தைத்து, அளந்து, துவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். எவ்வளவு சுருங்கியது, மயிர் வெளிவந்ததா என்பது தெரிந்த பிறகு பெரிய துணியை வெட்டலாம்.