உங்களுக்குத் தெரியுமா? வீட்டோடு கட்டிலுக்கும் காப்பீடு!

ஹைதராபாத் நாச்சாரத்தில் உங்கள் வீட்டுக் கட்டடத்துக்கு 30 லட்சம் ரூபாய்க்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி எடுத்தால், உள்ளே இருக்கும் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜுக்கும் தானாகவே 6 லட்சம் வரை காப்பு உண்டு. பொருள்பட்டியல் தர வேண்டியதில்லை!

• கணக்கு இதுதான்: கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம். உச்சவரம்பு 10 லட்சம். நகை, ஓவியம் போன்றவற்றுக்குத் தனிக் காப்பு வேண்டும்.

• வெள்ளம், புயல், நிலநடுக்கம் மூன்றும் அடக்கம். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும்.

• இந்தப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 அக்டோபர் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஹைதராபாத் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த உடனடி நிவாரணம் தலா 10,000 ரூபாய்.

• கிளைம் மறுக்கப்பட்டதா? முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால், லக்டி கா பூலில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.