மூன்றாம் நாள் வந்த ஸ்டாம்ப் பேப்பர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் நடந்தது இது. அறுப்பு மிஷின் வைத்த ஒரு மரவாடி. வேலை பார்த்தவர்கள் ஆறே பேர். லாரியிலிருந்து மரம் இறக்கும்போது தடி உருண்டு, நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார். மூன்றாம் நாள் முதலாளி தரப்பில் இரண்டு பேரும், மையத்துக்கு உறவான ஒருவரும் ஸ்டாம்ப் பேப்பரோடு வீட்டுக்கு வந்தார்கள். மூன்று லட்சம் ரொக்கம், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. மனைவி இத்தாவில் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் தாளை நீட்டினார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் அதை வாங்கிப் படித்துவிட்டு, "டிரஸ்ட் மாமாவைக் கேட்டுவிட்டுப் போடலாம்மா" என்று சொன்னதால்தான் விஷயம் என்னிடம் வந்தது.

வந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று லட்சம் பெரிய தொகை என்றே அவர்கள் நம்பினார்கள். கணக்கைப் பாருங்கள். வேலையில் நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கென்று சட்டம் குறித்துள்ள ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. இவருக்குத் தினக்கூலி 700 ரூபாய். மாதம் பதினெட்டாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். அதில் பாதி 7,500. பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி; நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

இது 1923ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. கணக்குப் போடும் முறையும், இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் அதிலும் அப்படியேதான் இருக்கின்றன.

முக்கியமான செய்தி ஒன்று. இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. தொழிலாளர் துறையின் அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் தாளும் சட்டப்படி செல்லாது. "அவர் கவனமில்லாமல் நின்றார்" என்பதும் மரண விபத்தில் பதிலாகாது.

ஆனால் விபத்து நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். இங்கேதான் நம் குடும்பங்கள் தவறுகின்றன. மையத்தைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற அவசரத்தில், போலீஸ் வேண்டாம், போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேதனை எனக்குப் புரியாமல் இல்லை; என் தம்பி மகன் விஷயத்தில் நானே அந்த வாசலில் நின்றிருக்கிறேன். என்றாலும் எஃப்.ஐ.ஆர். நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால், அவர் அங்கே வேலை பார்த்ததே இல்லை என்று பிறகு சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் அந்த இரண்டும் இருந்தன. தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட்டோம். ஒன்றேகால் வருடம் ஆனது. மனைவி, பிள்ளைகள், தாயார் என்று தொகையை அதிகாரியே பிரித்தார். சிறு பிள்ளைகளின் பங்கு வங்கி வைப்பில் போடப்பட்டது. இதை ஃபராயிள் கணக்கில் பிரிக்கக் கூடாதா என்று மையத்தின் அண்ணன் கேட்டார். இந்தத் தொகை இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அல்ல. அவரை நம்பியிருந்தவர்களுக்குச் சட்டம் தருவது. பங்கிடுவதும் அந்த அதிகாரியின் பொறுப்பு.

சொத்து வேறு. வங்கியில் இருந்த பணத்துக்கு, கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினி அந்த அண்ணன்தான். பணம் தனக்கே என்று அவர் மனதார நினைத்தார். வங்கியைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், சொந்தக்காரர் அல்ல. அடக்கச் செலவு, கடன், பாக்கி மஹர் எல்லாம் போக 2,40,000 ரூபாய் மிஞ்சியது. மஹரும் கடன்தான் என்பதை ஆண்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. தாயாருக்கு ஆறில் ஒன்று, 40,000. மீதி 1,70,000இல் மகனுக்கு 85,000. இரண்டு மகள்களுக்கும் தலா 42,500. மகன் இருப்பதால் அண்ணனுக்குப் பங்கில்லை. அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வங்கிக்கு வந்து கையெழுத்துப் போட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் சேரவில்லை. 1949இல் சென்னை மாகாணத் திருத்தத்தில் அதுவும் சேர்ந்துவிட்டது. "நஞ்சையில் பெண்பிள்ளைக்குப் பங்கில்லை" என்று இன்றும் சொல்லும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. இ.எஸ்.ஐ. இருந்தால் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். பி.எஃப். பணத்தோடு அதனுடன் சேர்ந்த இன்சூரன்ஸும் உண்டு, 7 லட்சம் வரை. அதைக் கேட்காமலே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணியில் இறந்தால் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட சர்வீஸ் தேவையில்லை. பி.எஃப்.பில் அண்ணன் தம்பி பெயரை நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணமானதும் அது செல்லாமல் போகும். புதிதாகப் போட்டீர்களா என்று இன்றே பாருங்கள்.

இத்தாவில் இருக்கும் பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. வக்காலத்தில் வீட்டிலிருந்தே கையெழுத்துப் போடலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100க்குப் போன் செய்யலாம். யாராவது தாளோடு வந்தால், வாங்கி வைத்துக்கொண்டு, அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள்.