கூட்டமில்லாத நேரத்தில் வரும் 502

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பூவுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பூ கமிஷன் கடைகளுக்கென்று ஒரு சின்ன இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முல்லை, சம்பங்கி, கனகாம்பரம் என்று அன்றன்றைய விலையைக் கடைக்காரர்கள் பதிவார்கள். விவசாயிகள் தோட்டத்தில் இருந்தபடியே பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பதிகிறவருக்கு மட்டும் எப்போதாவது '502 பேட் கேட்வே' என்று வருகிறது. மறுபடி அழுத்தினால் பதிவாகிவிடுகிறது.

கூட்டம் அதிகம், சர்வர் தாங்கவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிழை வருவதோ ஆள் நடமாட்டமே இல்லாத மத்தியானத்தில்!

இத்தகைய தளங்களில் பெரும்பாலும் முன்னால் ஒரு ப்ராக்ஸி நிற்கும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையைப் பின்னால் இருக்கும் வெப் சர்வருக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தருவது அதன் வேலை. ரஷ்யரான ஈகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பின்னாலிருந்து ஒழுங்கான பதில் வராவிட்டால் ப்ராக்ஸி 502 என்கிறது. காத்திருந்து நேரம் கடந்தால் 504.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு என்றால் நேரம் வீண். அதனால் ஒருமுறை திறந்த இணைப்பைச் சற்று நேரம் திறந்தே வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். எவ்வளவு நேரம் என்பதில்தான் சிக்கல். என்ஜின்எக்ஸ் சும்மா கிடக்கும் இணைப்பை 60 நொடி வைத்திருக்கும். பின்னால் இருப்பது நோட் ஜேஎஸ் என்றால், 2017இல் வந்த அதன் 8ஆம் பதிப்பில் அந்தக் கெடு 5 நொடிதான். ஐந்தாவது நொடியில் சர்வர் இணைப்பை மூடுகிறது. செய்தி போய்ச் சேருவதற்குள் ப்ராக்ஸி அதே இணைப்பில் அடுத்த கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. எதிர்முனையில் போனை வைத்தது தெரியாமல் நாம் பேசிக்கொண்டே போவதைப் போல. கூட்ட நேரத்தில் எந்த இணைப்பும் ஐந்து நொடி சும்மா இருப்பதில்லை, ஆகவே தொல்லையும் இல்லை.

சரி, பதிகிறவருக்கு மட்டும் ஏன்? பார்க்கும் கோரிக்கை தோற்றால் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் இன்னோர் இணைப்பில் முயன்றுவிடும். பதியும் கோரிக்கையை அப்படி மறுபடி அனுப்பாது. முதல் முறையே பதிவாகியிருந்தால் இரட்டிப்பாகிவிடுமே. பணம் கட்டும் பக்கத்தை நினைத்தால் இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும்.

எர்ரர் லாகில் 104 என்ற எண் இருந்தால் எதிர்முனை இணைப்பை அறுத்திருக்கிறது. அது சும்மா கிடந்து ஐந்து நொடி ஆகும் தறுவாயிலா என்று பாருங்கள். 111 என்றால் கதை வேறு: அந்த நேரத்தில் சர்வர் ஓடவே இல்லை, அல்லது நீங்கள் தந்த முகவரியில் இல்லை. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் ஐபிவி4, ஐபிவி6 என இரண்டு முகவரிகள் கிடைக்கலாம். சர்வர் ஒன்றில் மட்டும் காத்திருந்தாலும் இந்த எண் விட்டுவிட்டு வரும்.

104க்கு மருந்து எளிது. பின்னால் இருப்பவரின் கெடு முன்னால் இருப்பவருடையதைவிட நீளமாக இருக்க வேண்டும்: அங்கே 60 என்றால் இங்கே 65. சர்வரை அணைத்துப் போடுவது வைத்தியமே அல்ல. அடுத்த முயற்சியில் பிழை தானாகவே போயிருக்கும். கூடுதல் ரேமுக்குப் பணம் கட்டும் முன் இந்த இரண்டு கெடுக்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.